எட்டு மாதமாகியும் உட்காரவில்லை

கேள்வி:

என் மகன் 30ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டான். பிறந்தபோது எடை 1.3 கிலோ. ஏழு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு நாள் தவறாமல் செய்தேன். இப்போது எட்டு மாதம். அவன் பிறந்த அதே வாரத்தில் என் நாத்தனாருக்கு நிறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. அவள் உட்காருகிறாள், தவழ்கிறாள், கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். இவனுக்குக் கழுத்து நின்றுவிட்டது. குப்புறப் போட்டால் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்குகிறான். உட்கார வைத்தால் மட்டும் முன்னால் சரிந்துவிடுகிறான். தூக்கி நிறுத்தினால் காலை விறைப்பாக ஊன்றி நுனிக்காலில் நிற்கிறான். "காலில் நல்ல பலம் இருக்கிறது, வாக்கரில் போட்டால் நேராக நடந்தே விடுவான்" என்கிறார் மாமியார். "குறைமாதப் பிள்ளைக்கு எல்லாம் லேட்டாகத்தான் வரும், விடு" என்கிறார் கணவர். நான் முழுதாகச் சுமக்காததுதான் இதற்கெல்லாம் காரணமோ என்று இரவெல்லாம் அழுகிறேன். எப்போது உட்காருவான்? எப்போது நடப்பான்? வாக்கர் வாங்கலாமா?

இன்னொன்று. பொம்மையை எப்போதும் வலது கையால்தான் எட்டிப் பிடிக்கிறான். இடது கை பெரும்பாலும் மூடியே இருக்கும். இந்த வயதிலேயே வலக்கைப் பழக்கம் வந்துவிட்டது என்று மகிழ்கிறோம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தை முடிக்கும்போது "இன்னொன்று" என்று போகிறபோக்கில் சேர்த்திருக்கிறீர்களே, அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. மகன் உட்காராததை நினைத்து அழுகிறீர்கள். அதற்கு அழ வேண்டியதில்லை. ஏன் என்று பிறகு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் நீங்கள் மகிழ்ந்துகொண்டிருக்கும் அந்தக் கை விஷயத்துக்காக இந்த வாரமே குழந்தைகள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடுத்த தடுப்பூசித் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

குறைமாதக் குழந்தைகளோடு பாயில் உட்கார்ந்து வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் நான். ஒரு குழந்தையை முதலில் பார்க்கும்போது, அது என்னென்ன செய்கிறது என்பதைவிட இரண்டு பக்கமும் ஒரேபோல் செய்கிறதா என்றுதான் என் கண் தேடும்.

வலக்கை, இடக்கை என்ற பழக்கம் ஒரு வயதுக்குள் வருவதில்லை. அது தெளிவாக நிலைப்பது பெரும்பாலும் இரண்டு வயதுக்கு மேல்தான். ஐந்தாறு மாதக் குழந்தைக்கு வலப்பக்கம் பொம்மையை நீட்டினால் வலக்கை போகும், இடப்பக்கம் நீட்டினால் இடக்கை போகும், நடுவில் நீட்டினால் இரண்டும் பாயும். பிறந்த புதிதில் எல்லாக் குழந்தைகளும் கையை மூடித்தான் வைத்திருப்பார்கள். மூன்று நான்கு மாதத்துக்குள் விரல்கள் தளர்ந்து விரிந்துவிடும். எனவே ஒரு கை மட்டும் ஓடி ஓடி வேலை செய்து, மற்றது மூடியே கிடந்தால், வேலை செய்யும் கையின் சாமர்த்தியத்தை நினைத்து மகிழ்வதற்கு முன் மூடிய கைக்கு என்ன தடை என்று பார்த்தாக வேண்டும்.

தடை எளிதானதாகவும் இருக்கலாம். கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருந்தால் தலை எப்போதும் வலப்பக்கமே திரும்பியிருக்கும். கண்ணுக்கு வலக்கை மட்டும் தெரியும், தெரிகிற கைதான் வேலை செய்யும். பிரசவத்தின்போது தோள்பட்டை நரம்பு இழுபட்டிருந்தாலும் ஒரு கை பின்தங்கும். ஆனால் உங்கள் மகனைப் போல 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளிடம் நாங்கள் இன்னொன்றையும் யோசித்தே ஆக வேண்டும். அந்த வயதில் மூளையின் நடுவிலுள்ள நீரறைகளை ஒட்டிய ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. பிறந்த முதல் சில நாட்களில் அங்கே ரத்தம் கசியக்கூடும். கசிவு சிறிதாக இருந்தால் பெரும்பாலும் தடமில்லாமல் கரைந்துவிடும். அது ஒரு பக்கம் பெரிதாகி அருகிலுள்ள நரம்புப் பாதையைப் பாதித்தால், எதிர்ப்பக்கக் கையும் காலும் பின்தங்கும். செரிப்ரல் பால்சி எனப்படும் பெருமூளை வாதத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பாதிக்கும் வகை இப்படித்தான் தலைகாட்டும்: முதல் வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் விரும்புவது.

உங்கள் மகனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. அதை இருக்கிறது என்றோ இல்லை என்றோ நேரில் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

போவதற்குள் வீட்டில் சிலவற்றைக் கவனியுங்கள். பசியோ தூக்கமோ இல்லாத நேரத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, வலது கையை உங்கள் உள்ளங்கையால் மெல்லப் பிடித்துக்கொண்டு, பிடித்த பொம்மையை இடப்பக்கம் காட்டுங்கள். இடக்கை திறந்து வருகிறதா? கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கிறதா? குளிக்க வைக்கும்போது இரண்டு கையும் தண்ணீரை அடிக்கின்றனவா? டயப்பர் மாற்றும்போது இடது தொடை வலதைவிட விரிய மறுக்கிறதா? கால் உதைக்கும்போது ஒன்று சோம்பலாக இருக்கிறதா? தலையை இடப்பக்கம் முழுதாகத் திருப்ப முடிகிறதா? ஆடை அதிகமில்லாமல், பொம்மை கொடுக்காமல், மல்லாக்கப் படுத்து விளையாடுவதை மூன்று நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். கிளினிக்கில் புது முகங்களைப் பார்த்து அழுகிற குழந்தையிடம் தெரியாதது அந்த வீடியோவில் தெரியும்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த சுருக்கக் குறிப்பைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தலை ஸ்கேன் எந்த நாளில் எடுத்தார்கள், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். உச்சிக்குழி மூடுவதற்கு முன் அதன் வழியாகவே மறுபடி ஸ்கேன் பார்க்க முடியும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். ஹாமர்ஸ்மித் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. கண், முகம், உட்காரும் விதம், தசையின் இறுக்கம், அனிச்சைச் செயல்கள், வலம் இடம் வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஊசி, மயக்க மருந்து எதுவும் கிடையாது. கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதைச் செய்யத் தெரிந்தவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஏன் இவ்வளவு அவசரம்? பிறந்த காலத்தில் மூளையின் ஒவ்வொரு பாதியும் இரண்டு கைகளுக்குமே நரம்பிழைகளை அனுப்பி வைத்திருக்கும். வலப் பாதியிலிருந்து இடக்கைக்குப் போகும் இழைகளும் இடப் பாதியிலிருந்து அதே கைக்குப் போகும் இழைகளும் முதுகுத் தண்டில் இடத்துக்குப் போட்டி போடும். எந்த இழைக்கு வேலை கிடைக்கிறதோ அது தடித்துத் தங்கும், வேலையில்லாதது பின்வாங்கும். இந்தப் போட்டி மும்முரமாக நடப்பது முதல் இரண்டு ஆண்டுகளில். இடக்கை சும்மா கிடக்கும் ஒவ்வொரு வாரமும் அதற்குரிய சரியான இழைகள் இடத்தை இழக்கின்றன. அதனால்தான் "ஒரு வயது ஆகட்டும், பார்க்கலாம்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. முன்பெல்லாம் இரண்டு வயதுவரை காத்திருந்துதான் பெருமூளை வாதம் என்று பெயர் வைப்பார்கள். இப்போது திருத்திய வயதில், அதாவது முதலில் குறித்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணும் வயதில், ஆறு மாதத்துக்கு முன்பே பலருக்கு உறுதியாகச் சொல்லிவிட முடிகிறது. பெயர் வைக்கும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடவும் தேவையில்லை.

இன்றிலிருந்தே நீங்கள் செய்யக்கூடியது: பொம்மை, உங்கள் முகம், குரல் எல்லாம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும். ஒரு கையால் தூக்க முடியாத, இரண்டு கையும் வேண்டிய பெரிய லேசான பந்தைக் கொடுங்கள். இடது உள்ளங்கையில் சொரசொரப்பான துணி, மிருதுவான துணி, ஈரத் துணி என்று மாற்றி மாற்றித் தடவுங்கள். வலது கைக்கு உறை போட்டு இடது கையை வேலை வாங்கும் பயிற்சியும் உண்டு, அதைச் சிகிச்சையாளர் நேரம் குறித்துக் கொடுத்த பிறகே செய்யுங்கள். நீங்களாக வலது கையைக் கட்டிவைக்க வேண்டாம்.

இனி, உட்காருவது.

அவன் 30ஆவது வாரத்தில் பிறந்தான். கர்ப்பக் கணக்கு 40 வாரம். பத்து வாரம் முன்கூட்டி வந்துவிட்டான். பிறந்து இன்றைக்கு 35 வாரம் ஆகிறது என்றால், பத்தைக் கழியுங்கள்: 25 வாரம். அதாவது ஆறு மாதம்கூட முடியவில்லை. இதைத்தான் திருத்திய வயது என்கிறோம். உடல் வளர்ச்சியையும் அசைவுகளையும் எடை போடும்போது இரண்டு வயது வரைக்கும் இந்தக் கணக்குதான். மிக முன்கூட்டிப் பிறந்தவர்களுக்குச் சிலர் மூன்று வயது வரைக்கும் கழிப்பதுண்டு. தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கவே கூடாது, அது பிறந்த தேதியிலிருந்தே எண்ணப்பட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஊசியைத் தள்ளிப்போட்ட பெற்றோரைப் பார்த்திருப்பதால் இதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

உங்கள் நாத்தனார் மகளும் உங்கள் மகனும் ஒரே வாரத்தில் பிறந்தார்கள், ஆனால் ஒரே வாரத்தில் உருவாகவில்லை. அவள் கருவானது அவனுக்குப் பத்து வாரம் முன்னால். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்ப்பதை உங்கள் குடும்பம் இன்றோடு நிறுத்தினால் உங்கள் தூக்கம் பாதி திரும்பிவிடும்.

சரி, ஆறு மாதக் குழந்தை உட்கார்ந்தாக வேண்டுமா? உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, ஓமன், நார்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டது. எல்லோரும் நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகள். அவர்களுக்குள்ளேயே, தாங்கலில்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வந்தது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 மாதத்துக்குள். பிடிக்காமல் நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். நூற்றுக்கு நான்கு பேர் அப்படித் தவழவே இல்லை. வேறு விதமாக நகர்ந்தோ, நேராக எழுந்தோ நடந்துவிட்டார்கள். சீக்கிரம் உட்கார்ந்தவர்கள் கெட்டிக்காரர்கள், தாமதமாக உட்கார்ந்தவர்கள் மந்தம் என்று எதுவும் அதிலிருந்து கிடைக்காது.

உங்கள் மகனுக்கு இதை எப்படிப் பொருத்துவது? 9.2 மாதத்தோடு அவன் முன்கூட்டி வந்த 2.3 மாதத்தைக் கூட்டுங்கள். பிறந்த தேதியிலிருந்து பதினொன்றரை மாதம் வரை உட்காருவதற்கு அவனுக்கு நேரம் இருக்கிறது. முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்குகிறான், உட்கார வைத்தால் முன்னால் சரிகிறான் என்கிறீர்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தை அப்படித்தான் இருக்கும். முன்னால் சரிகிறவன் அடுத்துக் கையை ஊன்றக் கற்றுக்கொள்வான். கையை ஊன்றுகிறவனுக்கு நாளடைவில் அந்தக் கை தேவைப்படாது. அப்படி ஊன்றும்போது இரண்டு கையையும் ஊன்றுகிறானா என்று மட்டும் பாருங்கள்.

"நான் முழுதாகச் சுமக்காததுதான் காரணமோ" என்று எழுதியிருக்கிறீர்கள். குறைப்பிரசவம் தாயின் மனவுறுதியால் நிற்பதோ, கவனக்குறைவால் வருவதோ இல்லை. கிருமித் தொற்று, ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடியில் சிக்கல், பனிக்குடம் முன்னதாக உடைவது என்று பல வழிகளில் வரும். பலருக்குக் காரணமே பிடிபடாமல் போகும். ஆனால் அந்தப் பத்து வாரத்தில் குழந்தையின் உடம்புக்குள் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. நுனிக்காலில் நிற்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

28 வாரக் குழந்தையைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று துணிபோலத் தளர்ந்து கிடக்கும். உடம்பை மடக்கி வைத்துக்கொள்ளும் இறுக்கம் அதற்குப் பிறகுதான் காலில் தொடங்கி மேலே ஏறும். கடைசி வாரங்களில் கருப்பை இடுக்கமாகிவிடுகிறது. முழங்கால் வயிற்றில் பட, கை மார்பில் பட, முதுகு வளைந்து, குழந்தை சுருண்டு கிடக்கிறது. காலை நீட்டினால் சுவர் தடுக்கும், திரும்ப மடங்கும். உதைப்பதும் மடங்குவதுமாக ஆயிரக்கணக்கான முறை. நிறைமாதக் குழந்தை பிறக்கும்போதே சுருண்டிருப்பதும், அதன் காலை நீட்டிவிட்டால் ஸ்பிரிங் போல மடங்குவதும் அந்தப் பழக்கத்தால்தான். வயிற்றுப் பக்கத் தசைகள் அங்கேயே தயாராகிவிடுகின்றன.

உங்கள் மகன் அந்தப் பத்து வாரத்தில் ஏழு வாரத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழித்தான். சுவர் இல்லை, மிதக்கத் தண்ணீர் இல்லை; மேலிருந்து புவியீர்ப்பு அழுத்துகிறது. தட்டையாகக் கிடக்கும் உடம்பு மெத்தையின் மேல் பின்புறமாக அழுந்தும். கழுத்தின் பின்தசை, முதுகுத் தசை, காலை நீட்டும் தசை எல்லாம் முந்திக்கொள்ளும். வயிற்றுத் தசையும் மடக்கும் தசையும் பின்தங்கும். செவிலியர்கள் துணியைச் சுருட்டி அவனைச் சுற்றிக் கூடுபோல வைத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள், அந்த மடக்கத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான். நீங்கள் தினமும் மார்போடு அணைத்து வைத்திருந்தீர்களே, அப்போதும் அவன் தவளைக்குட்டி போலக் கைகால் மடங்கி உங்கள் மேல் கிடந்தான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை அது. உடல் சூட்டுக்காகவும் தொற்றிலிருந்து காக்கவும் என்று தொடங்கியது, குழந்தையின் உடம்பை மடக்கிக் காக்கும் வேலையையும் சேர்த்தே செய்கிறது. கருப்பையில் கிடைக்காத சில வாரங்களை மார்பில் வைத்துக் கொடுத்த தாய் நீங்கள். இதை உங்கள் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இப்போது அந்த நுனிக்கால். தூக்கி நிறுத்தினால் கால் விறைக்கிறது, உடம்பு பின்னால் வளைகிறது, பார்ப்பவருக்குப் பலசாலி போலத் தெரிகிறது. முந்திக்கொண்ட முதுகுத் தசையும் நீட்டும் தசையும் செய்கிற வேலை அது. பலம் என்று சொல்ல முடியாது. பலமுள்ள கால் மடங்கவும் தெரிந்த கால். மெல்ல முழங்காலை மடக்கி உட்கார்ந்து மறுபடி எழ முடிந்தால் அது பலம். குறைமாதத்தில் பிறந்த பல குழந்தைகளுக்கு இந்த விறைப்பு திருத்திய வயதின் முதல் ஆண்டில், அதுவும் நான்கிலிருந்து ஏழு மாதங்களில், கூடுதலாகத் தெரியும். ஒன்று, ஒன்றரை வயதுக்குள் பலரிடம் அது தானாகவே அடங்கிவிடும். சிலரிடம் அடங்காது. யாரிடம் அடங்கும், யாரிடம் அடங்காது என்பது ஒருமுறை பார்த்தால் தெரியாது. ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை ஒரே சிகிச்சையாளர் தொட்டுப் பார்க்க வேண்டும். இடது கை விஷயமும் சேர்ந்திருப்பதால் உங்கள் மகனை அப்படித் தொடர்ந்து பார்ப்பது கட்டாயம்.

ஆகவே வாக்கர் வேண்டாம். நான் எந்தக் குழந்தைக்கும் அதைச் சொல்வதில்லை. நுனிக்காலில் விறைக்கும் குழந்தைக்கு அது கெடுதல். அதில் தொங்கும் குழந்தை தன் எடையைத் தாங்குவதில்லை, தன் பாதத்தைப் பார்ப்பதில்லை, விழாமல் சமாளிக்கக் கற்பதில்லை. நுனிக்காலால் உந்தி உந்தி எந்தப் பழக்கத்தைக் குறைக்க நினைக்கிறோமோ அதையே நாள் முழுதும் பயிற்சி செய்கிறது. படியில் உருண்டு விழுந்து தலையில் அடிபட்டு வரும் குழந்தைகள் வேறு. இந்த ஆபத்துக்காகவே கனடா 2004இல் வாக்கர் விற்பனையை முழுதாகத் தடை செய்தது. பரிசாக யாராவது வாங்கி வந்தால், மனம் நோகாமல் நன்றி சொல்லிப் பரணில் போட்டுவிடுங்கள். பிடித்து நிறுத்தி விளையாடுவதையும் கொஞ்ச காலம் விடுங்கள். அவனுக்கு அது பிடிக்கும், சிரிப்பான். சிரிக்கிறானே என்று வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றி நிறுத்துவார்கள். அதற்கு ஈடாக வேறு விளையாட்டு கொடுத்தால் மறந்துவிடுவான்.

அந்த வேறு விளையாட்டு தரையில் இருக்கிறது. மெத்தை வேண்டாம், அதில் புதைந்த கை எதையும் தள்ளக் கற்காது. தரையில் கெட்டியான விரிப்பு போதும். மல்லாக்கப் படுத்திருக்கும்போது இடுப்பின் கீழ் மடித்த துணி வைத்துக் கொஞ்சம் தூக்கிவிட்டால் பாதம் கண்ணில் படும். பாதத்தைப் பிடிக்கக் கை போகும், வாய்க்கும் கொண்டுபோவான். பார்க்கச் சும்மா இருப்பது போலிருக்கும். பின்தங்கிய வயிற்றுத் தசைக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. பிறகு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், இரண்டு கையும் முகத்துக்கு முன் தானாக வந்து சேரும். குப்புறப் போடும்போது மார்பின் கீழ் சுருட்டிய துண்டு வைத்து, முழங்கை தோளுக்கு நேராக இருக்கும்படி வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளைக்குப் பலமுறை. எதிரில் உங்கள் முகம் இருந்தால் பொம்மையே வேண்டாம். சிணுங்கினால் நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து உங்கள் மார்பின் மேல் குப்புறப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் கணக்கில் சேரும். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் குப்புறப் போடலாம். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான். தூக்கத்தில் திடீரென்று மூச்சு நிற்கும் ஆபத்து குறைமாதக் குழந்தைகளுக்குக் கூடுதல் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

தூக்கும் விதத்தையும் மாற்றுங்கள். நீட்டிய கட்டைபோல அக்குளில் பிடித்துத் தூக்காமல், ஒரு பக்கமாகப் புரட்டி, முழங்காலை மடக்கி, உங்கள் கையே நாற்காலியாக இருக்கும்படி எடுங்கள். முதுகு உங்கள் வயிற்றில் சாய, கால் மடங்க, இரண்டு கையும் முன்னால் சேர உட்கார்ந்திருப்பான். பின்னால் வளைக்க முடியாது. ஒரு நாளைக்குப் பத்து இருபது முறை தூக்குகிறீர்கள் இல்லையா? பத்து இருபது முறை பயிற்சி ஆயிற்று. தலையணைகளுக்கு நடுவே நெடுநேரம் உட்கார வைப்பதால் பயனில்லை. காலைப் பிடித்து மடக்கி நீட்டிவிடுவதும் அவனுக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். தானே முயன்று, தவறி, மறுபடி முயலும் அசைவுதான் மூளையில் பதியும். எட்டாத தூரத்துக்கு ஒரு விரற்கடை இப்பால் பொம்மையை வையுங்கள். எடுத்துக் கொடுக்க உங்கள் கை துடிக்கும், கொஞ்சம் பொறுங்கள்.

குறைமாதக் குழந்தைகள் சீக்கிரம் களைப்பார்கள், களைப்பை அழுகையில் காட்டும் முன்பே வேறு விதமாகக் காட்டுவார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வது, விக்கல், கொட்டாவி, விரல்களை விசிறிபோல விரிப்பது, நெற்றி சுருங்குவது. அதைப் பார்த்ததும் நிறுத்தி மடியில் எடுத்துவிடுங்கள். பயிற்சியை முடித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அவனுக்குத் தரையே வெறுத்துப்போகும்.

அசைவு என்றால் எல்லாமே மூளைதான் என்றும் நினைத்துவிடாதீர்கள். பிறந்த குழந்தையை நிமிர்த்திப் பிடித்தால் எட்டு வைப்பது போலக் கால் மாற்றும். இரண்டு மாதத்தில் அது காணாமல் போகும். மூளை முதிர்வதால் மறைகிறது என்றுதான் நெடுங்காலம் சொன்னார்கள். 1984இல் எஸ்தர் தெலன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் அந்தக் குழந்தைகளை மார்பளவு தண்ணீரில் பிடித்துப் பார்த்தார்கள். எட்டு மறுபடி வந்துவிட்டது. கால் சதைபோட்டுக் கனத்திருந்தது, தூக்கும் பலம் இன்னும் வரவில்லை, அவ்வளவே. எடை, தசை, தரை, பார்வை, ஆசை எல்லாம் சேர்ந்துதான் ஓர் அசைவு பிறக்கிறது. அதனால் உங்கள் மகனின் கண் பரிசோதனை முடிந்ததா என்றும் சேர்த்துக் கேட்கிறேன். முன்கூட்டிப் பிறந்தவர்களுக்கு விழித்திரையில் பாதிப்பு வரக்கூடும். பொம்மை சரியாகத் தெரியாவிட்டால் கை எப்படிப் போகும்? செவிப் பரிசோதனையும் அப்படியே. இரும்புச் சத்து மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் விடாமல் கொடுங்கள். தாயிடமிருந்து இரும்பு பெருமளவு சேர்வது கடைசி மூன்று மாதத்தில்தான், அந்தச் சேமிப்பு இவனுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். "குறைமாதப் பிள்ளைக்கு எல்லாம் லேட்டாகத்தான் வரும்" என்பதில் பாதி உண்மை. தேதி தள்ளிப் போகும், அதைத் திருத்திய வயது சரிக்கட்டிவிடும். ஆனால் எத்தனை வாரம் கழித்தாலும் ஒரு கை மூடியே இருப்பதை அந்தக் கணக்கு சரிக்கட்டாது. திருத்திய வயதில் நான்கு மாதம் கடந்தும் தலை நிற்காதது, உடம்பு ஒரேயடியாகத் துவண்டோ விறைத்தோ இருப்பது, கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்வது, ஒன்பது மாதமாகியும் உட்காராதது, வந்த அசைவு திரும்பப் போய்விடுவது: இவற்றில் எதற்கும் "குறைமாதம்" என்பது சமாதானம் ஆகாது. என்னிடம் தாமதமாக வந்த குழந்தைகளில் பலரை வீட்டார் கவனிக்காமல் விட்டதில்லை. கவனித்தார்கள், சொன்னார்கள், "குறைமாதம்தானே" என்று யாரோ திருப்பி அனுப்பினார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. அப்படி உங்களையும் அனுப்பினால், "ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறான், திருத்திய வயது ஆறு மாதம், பிறந்தது 30 வாரத்தில்" என்று இதே வார்த்தைகளில் சொல்லி, நரம்பியல் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்கும் ஒன்று. குழந்தை 32 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால், பிரசவத் தேதி என்று முதலில் குறித்த நாளுக்குப் பிறகு மூன்று மாதத்திலிருந்து ஐந்து மாதத்துக்குள் ஒருமுறை இயல்பு அசைவுப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். ஆஸ்திரியாவில் பிறந்து நெதர்லாந்தில் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர் வகுத்த முறை அது. மல்லாக்கப் படுத்திருக்கும் குழந்தையின் கழுத்து, தோள், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் அந்த வயதில் ஓயாமல் சின்னச் சின்னதாகச் சுழன்றுகொண்டிருக்கும். அந்தச் சுழற்சி இருக்கிறதா இல்லையா என்பதைச் சில நிமிட வீடியோவில் பார்த்தே நிறையச் சொல்லிவிடலாம். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். அவனுக்கு மேலே சொன்ன ஹாமர்ஸ்மித் பரிசோதனை பொருந்தும்.

எப்போது நடப்பான் என்று கேட்டிருந்தீர்கள். கணக்குப்படி, 17.6 மாதத்தோடு 2.3 மாதம், பிறந்த தேதியிலிருந்து ஏறக்குறைய 20 மாதம் வரை அவனுக்கு அவகாசம் உண்டு. பரிசோதனையில் ஒரு பக்கம் பின்தங்கியிருப்பது உறுதியானால் அதைவிடச் சற்றுத் தள்ளலாம். ஒரு பக்கப் பாதிப்பு மட்டுமே உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் பிடிக்காமல் நடக்கவே செய்கிறார்கள் என்பதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இன்றிரவு அதை நினைத்து நீங்கள் விழித்திருக்கக் கூடாது.

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைக்கும் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணிக்கும் வைத்தார்கள். செங்கீரையில் குழந்தை கையூன்றித் தலையெடுத்து ஆடும். சப்பாணியில் இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டும். நிறைமாதக் கணக்கு அது. உங்கள் மகனுக்குச் சப்பாணி பதினோராம் மாதத்தை ஒட்டி வரலாம். அதற்கு இரண்டு கையும் நடுவில் வந்து சேர வேண்டும், இரண்டும் திறந்திருக்க வேண்டும். நாளை காலை முதல் வேலையாக மருத்துவருக்குப் போன் செய்து நேரம் வாங்குங்கள். பார்த்துவிட்டு வந்ததும், அவர் இடது கையைப் பற்றி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன பயிற்சி என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.